போகிறவர்களிடம் ஒரு வார்த்தை

அந்த ஆன்டி நோயாளியைப் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் சபையில் பாதிப் பேருக்குக் குலை நடுங்கும். கையில் ஆரஞ்சுப் பை, கக்கத்தில் குடை, முகம் நிறையச் சிரிப்பு. பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. கட்டிலோரம் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி, ஜெபம் பண்ணி முடித்து, கிளம்புகிற நேரத்தில் குனிந்து மெதுவாகச் சொல்வார்: "போனதும் எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க." அவருடைய வீட்டுக்காரர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். டாக்டர் இன்னும் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போது இந்த அம்மாள் டிக்கெட்டே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார் என்று ஊரில் பேச்சு. சபையின் வாலிபப் பிள்ளைகள் அவருக்கு 'தந்தி ஆன்டி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. "தந்தின்னா வார்த்தைக்குக் காசு புடுங்குவான். நான் ஓசியிலதானே அனுப்புறேன்!" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. போட்டோ எடுக்க யாராவது கேமராவைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற ஆள் அவர். புத்தகத்தில் பெயர் வந்தால் என்னைச் சும்மா விட மாட்டார்.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எங்கள் வீடு. எழுபதுகளில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆன்டி ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அவருடைய கணவர் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை நின்று கணக்கெடுக்கிற வேலை. கிராணியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். அப்போதெல்லாம் இங்கிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் கப்பலில்தான் போவார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து முதல் நாளே மூட்டை முடிச்சோடு வந்து சேருகிறவர்கள் கிராணியார் வீட்டில் தங்குவார்கள். அவருக்குத் துறைமுகத்தில் ஆள் பழக்கம் என்பது ஒரு காரணம். ஆன்டி வைக்கும் கோழிக்குழம்பு அதைவிடப் பெரிய காரணம்.

ஊருக்குப் போகிறவர் என்றால் அந்தக் காலத்தில் அவர் பாதி மனிதர், பாதி மூட்டை. யாராவது கப்பல் ஏறுகிறார் என்று காற்றில் செய்தி வந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். மைலோ டின், கோடாலித் தைலம், சாரோங் கைலி, டார்ச் லைட். முடியாது என்று சொல்லக் கூடாது, அது மரியாதையில்லை. பொருள் கொடுக்க வசதியில்லாதவர்கள் ஒரு வார்த்தை கொடுத்தனுப்புவார்கள். தங்கச்சிக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து மாப்பிள்ளை பார்க்கச் சொல்லுங்கள், அப்பாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள், இப்படி. ஆன்டிக்கு நன்றாக எழுதத் தெரியும். ஆனாலும் அவரும் வாயாலேயே சொல்லி அனுப்புவார். கேட்டால், "கடுதாசி போய் அவங்க மூஞ்சியப் பாக்குமா? ஆள் போனா பாத்துச் சொல்லும்லா" என்பார்.

அந்தத் துறைமுகத்திலேயே ஒரு நாள் சரக்குக் கட்டு அறுந்து கிராணியார் மேல் விழுந்துவிட்டது. ஆன்டிக்கு அப்போது முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இரண்டு பையன்கள், சின்னவன் இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. நம்பிக்கை உள்ள பெண்மணி, அதனால் கல்லு மாதிரி நின்றார் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். நான் பார்த்தேன். மண்ணில் புரண்டு அழுதார். சபை மூப்பர் ஒருவர் வந்து, "இவ்வளவு அழுதா நமக்கு நித்திய ஜீவன்ல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்மா" என்றார், தேற்றுவதாக நினைத்துக்கொண்டு. ஆன்டி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கப்பல் கிளம்பறப்ப அழாத ஆள் யாருங்க? அதுக்காகக் கப்பல் போய்ச் சேராதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழுதார். மூப்பர் ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்துவிட்டார்.

சொல்லி அனுப்புகிற பழக்கத்தை ஆன்டி தானாக ஆரம்பிக்கவில்லை. இது பல பேருக்குத் தெரியாது. கிராணியார் போன மறு வருடம் எங்கள் தெருவில் ஒரு பாட்டையா படுக்கையில் கிடந்தார். பலமுறை கப்பலில் போய் வந்தவர். கிராணியார் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவர். அவர்தான் ஆன்டியைப் பார்த்து, "நான் கிளம்புறேன் தாயி. கிராணிக்கு ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் போகிறவர் கடைசி நேரத்தில் கேட்பது போலவே கேட்டாராம். ஆன்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொல்லப்புறத் தகரம் மாத்தியாச்சுன்னு சொல்லுங்க. மழை பேஞ்சா ஒழுகுதேன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தாரு" என்றார். பாட்டையா தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கிராணியார் போன பிறகு முதல்முறையாக வயிறாரச் சோறு சாப்பிட்டதாக ஆன்டியே என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து அவர் ஒரு முறை வைத்துக்கொண்டார். படுத்திருப்பவர் தானாக வாயைத் திறந்து, நான் தேற மாட்டேன், போகிற நேரம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆன்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர்கள் அப்படி ஒரு பேச்சு வந்தவுடனே "சும்மா இருங்க, வாயக் கழுவுங்க" என்று அதட்டுவார்கள் அல்லவா? ஆன்டி அதட்ட மாட்டார். "சரி, அப்ப போனதும் எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். படுத்திருப்பவர் முகம் மட்டும் சட்டென்று மாறும். பல நாளாக எல்லோரும் வெறும் பாவமாகப் பார்த்த ஒரு ஆளுக்கு இப்போது செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. சில பேர் எழுந்து உட்கார்ந்து சரியாகக் கேட்டுக்கொள்வார்கள்.

செய்திகள் ஒன்றும் பெரிய செய்திகள் இல்லை. வீட்டுக்கதைதான். பெரியவன் ஷா ஆலத்தில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சைக்கிளை விற்றுவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் கொய்யா மரத்தை வெட்டச் சொல்கிறான், முடியாது என்று சொல்லிவிட்டேன். சின்னவனுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, அப்படியே உங்கள் சாடை. மேலே இருப்பவர் குடும்பத்தை விட்டு வெளியூர் வேலைக்குப் போன மனிதர், அவ்வளவுதான் என்கிற மாதிரி.

புதிதாக வந்த போதகர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. படித்தவர், நல்லவர், வாலிபர். ஆராதனை முடிந்து வாசலில் ஆன்டியைப் பிடித்துக்கொண்டார். "இப்படிச் சொல்லி அனுப்புறதுக்கு வேதத்துல இடமில்ல ஆன்டி. மரிச்சவங்க கர்த்தர் வர்ற நாள் வரைக்கும் நித்திரையில இருக்காங்க" என்றார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஆன்டி மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "தூங்குனா தூங்கட்டும் பாஸ்டர். எழுந்ததும் சொல்லட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஒரு தடவை ஆள் பிழைத்துவிட்டார். எங்கள் சபையின் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிற அங்கிள். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள். அவரும் முறைப்படி "நான் போறேன் அக்கா" என்று சொல்ல, ஆன்டியும் முறைப்படி நீளமாக ஒரு செய்தி கொடுத்துவிட்டு வந்தார். பார்த்தால் ஆள் தேறி, நடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சபைக் கோயில் வாசலில் வந்து நிற்கிறார். ஆன்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என் சேதி?"

"பத்திரமா இருக்கு அக்கா. கொஞ்சம் லேட்டாகும் லா."

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் இரண்டு பேருக்கும் இதே வேலை. "இன்னும் கிளம்பலையா?" என்பார் ஆன்டி. "பஸ் வரல அக்கா" என்பார் அவர். நடுவில் செய்தியில் மாற்றம் இருந்தால் ஆன்டி வாசலிலேயே திருத்திச் சொல்வார்: "அந்தக் கொய்யா மரம் விஷயத்த விட்டுடுங்க. அது காத்துல தானே விழுந்துடுச்சு."

அந்த அங்கிள்தான் கடைசியில் ஆன்டியை வழியனுப்பினார். தொண்ணூறுகளில் ஆன்டி படுக்கையில் விழுந்தபோது பார்க்க வந்தவர்கள் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. எல்லோர் கையிலும் ஒரு வார்த்தை. முன்பு பல்லைக் கடித்த சொந்தக்காரர்களும் வந்து நின்றார்கள். "மெதுவா, ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எனக்கு மண்டையில நிக்காது" என்று ஆன்டி சலித்துக்கொண்டார். அங்கிள் தடி ஊன்றிக்கொண்டு வந்து, "இந்தாங்க அக்கா, உங்க சேதிய நீங்களே வாங்கிக்குங்க. நேர்ல போய்ச் சொல்லிக்குங்க" என்று வெறுங்கையை நீட்டினார். ஆன்டியும் பவ்வியமாக வாங்கிக்கொள்வது போல இரண்டு கையையும் ஏந்தினார். அங்கிள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஆன்டி என் வீட்டுப் படியேறி வந்த காலத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெறிதான் வந்தது.

அது எண்பதுகளின் நடு. ஃபேக்டரிகள் எல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம். நானும் என் கணவரும் பட்டணத்துக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தேன். என் கணவர் இந்துக் குடும்பம். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணத்துக்கு முன் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். பெண்ணுக்காக மதம் மாறினான் என்று அவர் பக்கம் ஏசினார்கள். பெண்ணுக்காகத்தானே முழுக்கு எடுத்தான் என்று எங்கள் பக்கமும் முணுமுணுத்தார்கள். ஃபேக்டரியில் அவரை நிறுத்திய பிறகு மனிதர் ஒடிந்துபோனார். கொஞ்ச நாள் குடித்தார். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அப்புறம் குடியை விட்டார், ஆனால் எந்த முகத்தோடு போவது என்று கோயில் பக்கம் போகவில்லை. அதற்குள் உடம்பு விழுந்துவிட்டது. கல்லீரலில் கட்டி என்றார்கள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவில் தனியாக நிறுத்தி, வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

நான் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். அவருக்குத் தெரியக் கூடாது. யாரும் அவர் முன்னால் அழக் கூடாது. எல்லோரும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். அவருடைய அண்ணன் வந்து, தேறியதும் சேர்த்துவிடப் புதிய வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொல்வார். என் மாமியார் கோயில் திருநீறு கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "அடுத்த தீபாவளிக்கு நீதாண்டா வெடி வாங்கணும்" என்பார். அவரும் சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். ஆட்டி முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த நேரத்தில் பண்டமாரானிலிருந்து ஆன்டி பஸ் ஏறி வந்து நின்றார், கையில் அதே ஆரஞ்சுப் பையோடு. நான் படியிலேயே மறித்துக்கொண்டேன்.

"ஆன்டி, உள்ள வாங்க, உக்காருங்க, ஜெபம் பண்ணுங்க. ஆனா உங்க வேலைய மட்டும் என் வீட்டுல காட்டாதீங்க."

"நான் என்ன பிள்ள பண்ணப் போறேன்?"

"என்ன பண்ணுவீங்கன்னு ஊருக்கே தெரியும். அவரே வாயவிட்டுச் சொன்னாலும் சரி, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"கிறிஸ்துவச்சி சத்தியம் பண்ண மாட்டா. சரின்னா சரி. போ, தண்ணி கொண்டா" என்று சொல்லி உள்ளே போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாரா வாரம் வந்தார். என் கணவருக்குப் பிடித்த பந்தாட்டக் கதை பேசினார், கால் பிடித்துவிட்டார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், ஜெபம் பண்ணினார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செய்தி எதுவும் கொடுக்கவில்லை. நான் கதவோரம் நின்று காவல் காத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆன்டி எனக்கு ஏன் ஒண்ணும் குடுக்கல?"

"என்ன குடுக்கணும்?"

"எல்லார்கிட்டயும் கிராணியாருக்குச் சொல்லி அனுப்புவாங்கல்ல. நீதானே எனக்கு அந்தக் கதையெல்லாம் சொல்லியிருக்க. போன வாரம் நீ தண்ணி பிடிக்கப் போனப்ப நான் வாயவிட்டே சொன்னேன், ஆன்டி நான் தேற மாட்டேன்னு. கையப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டாங்க."

நான் கரண்டியால் கஞ்சியைக் கிளறினேன்.

"கிராணியார் இருக்கிற இடத்துக்கு நான் போக மாட்டேன்னு நினைக்கிறாங்களா மா?" என்றார். "நான் குடிச்சேன். கோயிலுக்கு வரல. உனக்காகத்தான் முழுக்கு எடுத்தேன்னு பேசுறாங்க. ஆனா தண்ணிக்குள்ள இறங்கினப்ப நான் நெசமாத்தான் இறங்கினேன். அது ஆன்டிக்குத் தெரியாதா?"

ஐயோ, அந்தக் குரலை எப்படிச் சொல்வேன்! சாகப் போகிறோம் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதற்கு அவர் பயப்படவில்லை. போகிறவர்களில் தன்னை மட்டும் ஆள் கணக்கில் சேர்க்கவில்லையோ என்று வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார். ஆன்டி வாயைத் திறந்தால் அவர் நொறுங்கிவிடுவார் என்று நான் காவல் காத்தேன். ஆன்டியின் வாய் மூடியிருந்ததுதான் அவரை நொறுக்கியது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கீழ்க்கடைக்கு ஓடினேன். கடைக்காரரிடம் கேட்டு ஆன்டியின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஆன்டி, நாளைக்கே வாங்க. வந்து உங்க வேலையக் காட்டுங்க."

"தம்பி கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டாரு."

"அழாத பிள்ள. நான் வரேன்."

மறுநாள் ஆன்டி நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குப் போகிறவர்களைத் துறைமுகத்தில் வழியனுப்பப் போகும்போது உடுத்துகிற மாதிரி. நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "நீ போய் டீ போடு" என்றார். எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது.

"தம்பி, மத்தவங்ககிட்ட நான் தகரம் மாத்தினேன், சைக்கிள் வித்தேன்னுதான் சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னொரு சேதி இருக்கு. அத யார்கிட்டயும் குடுக்க முடியல. பொம்பளைங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க ஆன்டி."

"அவர எனக்குப் பிடிக்கும்னு சொல்லணும். ரொம்பப் பிடிக்கும்னு. எங்களுக்குப் பெரியவங்க பேசி முடிச்சது. அவரும் பேச மாட்டாரு, நானும் சோறு, குழம்பு, பிள்ளைங்க, இதத் தவிர ஒண்ணும் பேசினதில்ல. ஒரு தடவகூட சொன்னதில்ல. நீங்க லவ் பண்ணிக் கட்டுனவங்க, உங்களுக்குத்தான் இதச் சொல்லத் தெரியும். அதுக்குத்தான் உங்களுக்குன்னு வெச்சிருந்தேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

"கட்டிப்பிடிச்சுச் சொல்லட்டுமா ஆன்டி?"

"ச்சீ! அவர் கூச்சப்படுவாரு. பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொல்லுங்க, போதும்."

ஆன்டி டீயைக் குடித்துவிட்டு, அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

என் கணவர் என்னை முகம் மழித்துவிடச் சொன்னார். சவரம் செய்து, முகம் துடைத்து, தலையணையைத் தூக்கி வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் போய்விட்டார். ஆனால் அன்று மாலை வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார்.

"நீயும் ஏதாவது சொல்லி அனுப்பேன்" என்றார்.

"யாருக்கு?"

"நம்ம பிள்ளைக்கு."

கல்யாணமான மறு வருடம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். காலையில் பிறந்தவள் சாயங்காலம் வரைகூட இருக்கவில்லை. நான் மயக்கத்தில் கிடந்தபோதே அவருடைய அண்ணனும் போதகரும் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்துவிட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பிள்ளை தங்கவில்லை. அவளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. நான் அழுவேன் என்று அவர் பேசவில்லை. அவர் உடைந்துவிடுவார் என்று நான் பேசவில்லை. அவர் முன்னால் அழக் கூடாது என்று நான் போட்ட சட்டம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, "எல்லாம் சரி, அவளுக்குப் பேரே வைக்கலையே" என்றார். "அவ்ளோ பேருக்கு நடுவுல நான் என்னன்னு கூப்பிட்டுத் தேடறது?"

நான் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வயிற்றில் இருக்கும்போதே நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். "ஸ்டெல்லா" என்றேன்.

"ஸ்டெல்லாவா? அது எங்க அம்மா வாயில நுழையாது. பாக்கியம்."

"உங்க அம்மா பேரா! இந்தக் காலத்துல யாருங்க பிள்ளைக்குப் பாக்கியம்னு வைப்பாங்க? ஸ்கூல்ல கிண்டல் பண்ணியே சாகடிச்சிடுவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"அங்க ஸ்கூல் இருக்குமா மா?"

"இருக்கும். உங்க பிள்ளையாச்சே, கட் அடிப்பா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு விலாவில் வலிக்கும், அதனால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகும் விட்டபாடில்லை. அம்மா பின்னால் அங்கே வந்தால் பேத்திக்குத் தன் பெயர் இருப்பதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றார். ஸ்டெல்லா பாக்கியம் என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாமே என்று நான் பேரம் பேசிப் பார்த்தேன். அவ்வளவு நீளமாகக் கூப்பிடத் தனக்கு மூச்சு இல்லை என்றார். கீழே கடைக்காரர் விளக்குப் போடும் நேரம் வரை பேர் வைக்கிற எல்லாப் புருஷன் பெண்டாட்டியையும் போலச் சண்டை போட்டோம்.

கடைசியில் பாக்கியம் என்றே வைத்தோம். எனக்கு அந்தப் பெயர் அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. போகட்டும், கூப்பிடப் போகிறவர் அவர்தானே என்று விட்டுக்கொடுத்தேன்.